சீன ஓட்டோமாட்டிக் மணிக்கூடு: முந்தினால், பிந்தினால், நின்றால் எதைப் பார்ப்பது

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு சின்ன மேசை, ஒரு விளக்கு, ஒரு கண்லென்ஸ். இதுதான் என் கடை. அப்பா இருந்த காலத்தில் இந்த மேசைக்கு வந்தவை சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் கொண்டுவந்த சீக்கோ 5 மணிக்கூடுகள். இப்போது வருபவற்றில் நிறையச் சீன ஓட்டோமாட்டிக், அதாவது பற்றரி இல்லாமல் கை அசைவிலேயே ஸ்பிரிங் ஏறி ஓடுபவை. கனடாவிலிருந்து மாமா அனுப்பியது, கொழும்பில் கண்டு ஆசைப்பட்டு வாங்கியது, போனில் ஓடர் போட்டு எடுப்பித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். கொண்டுவருபவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, இது நல்ல மெசினோ?"

பின்மூடியைத் திறந்த கையோடு அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கட்டிப் பாருங்கள், அது என்ன செய்கிறது என்று சொல்லுங்கள் என்பேன். நாளுக்கு 18 நொடி முந்துகிற மணிக்கூட்டை நான் மோசம் என்று சொல்லவே மாட்டேன். நேற்றும் 18, இன்றும் 18, நாளையும் 18 என்றால் அது நல்ல மெசின். உள்ளே ஒரு சின்னத் தண்டை மயிரளவு தள்ளினால் சரி. ஆனால் இன்று 5 நொடி முந்தி, நாளை 30 நொடி பிந்தி, மறுநாள் சரியாக ஓடினால் உள்ளே எங்கோ சிக்கல் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு நாளில் 86,400 நொடி. அதில் 20 நொடி பிசகுவது என்றால் 4,320 நொடிக்கு ஒரு நொடி. சீக்கோவின் என்ஹெச் 35 மெசினுக்கே அதைச் செய்தவர்கள் சொல்லும் அளவு நாளுக்கு 20 நொடி பிந்துவது முதல் 40 நொடி முந்துவது வரை. விலை குறைந்த சீன மெசினிடம் அதைவிடக் கூடக் கேட்பது நியாயம் இல்லை. சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழின் அளவை, அதாவது 4 நொடி பிந்துவது முதல் 6 நொடி முந்துவது வரை என்பதை, மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டாம்.

எந்த மெசின் என்று முதலில் தெரிய வேண்டும்

இங்கே அதிகம் காண்பவை இரண்டு குடும்பம். ஒன்று, ஜப்பானின் மியோட்டா 8215 வகையைப் பார்த்துச் செய்த 2813 என்ற மெசின். இது மணிக்கு 21,600 தடவை அடிக்கும், அதாவது நொடிக்கு 6. மற்றது, சுவிஸ் ஈடிஏ 2824 வகையைப் பார்த்துச் செய்தவை. சீகல் எஸ்டி 2130, பிடி 5000 இரண்டும் இந்தக் கூட்டம். இவை மணிக்கு 28,800 தடவை அடிக்கும், நொடிக்கு 8. அதனால் நொடி முள் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். இவற்றோடு என்ஹெச் 35 போட்ட மணிக்கூடுகளும் வரும். டயலும் உடம்பும் சீனாவில் செய்தவை என்றாலும் உள்ளே இருப்பது சீக்கோ குழுமத்தின் மெசின். அதைச் சீன மெசின் என்று எண்ணித் திட்டுபவர்களும் உண்டு, புகழ்பவர்களும் உண்டு.

திறக்காமலே ஓரளவு ஊகிக்கலாம். சாவியை, அதாவது பக்கத்தில் இருக்கும் திருகும் குமிழை, கடைசி வரை வெளியே இழுங்கள். நொடி முள் நின்றால் 2824 கூட்டமாகவோ என்ஹெச் 35 ஆகவோ இருக்கலாம். நிற்காமல் ஓடினால் பெரும்பாலும் பழைய 2813 வகை. அப்புறம், காதோடு பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது ரோட்டர், அதாவது கை அசைவில் சுழன்று ஸ்பிரிங்கை ஏற்றும் அரைவட்ட எடை, சர்ரென்று தன்பாட்டில் சுழன்றால், ஒரு திசையில் மட்டும் ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. மியோட்டா 8215 உம் 2813 உம் அப்படித்தான். அந்தச் சத்தம் அதன் சுபாவம். அதைப் பழுது என்று எண்ணிக் கடைக்குக் கடை அலைய வேண்டாம்.

ஒரு வாரச் சோதனை

நின்ற நிலையில் இருந்து சாவியை 30, 40 தடவை சுற்றுங்கள். போனின் நேரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து அதற்கு மணிக்கூட்டை வையுங்கள். நொடி முள் நிற்காத வகை என்றால், வைக்கும்போது எத்தனை நொடி வித்தியாசம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். காலையில் பல் துலக்கும் நேரம் நல்லது, மறக்காது. ஒரு கொப்பியில் திகதி, எத்தனை நொடி, இரவில் எப்படி வைத்தீர்கள் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். டயல் மேலே பார்க்க இரண்டு இரவு, சாவி மேலே பார்க்க இரண்டு இரவு, சாவி கீழே பார்க்க இரண்டு இரவு. அந்த ஒற்றைப் பக்கக் கொப்பியோடு ஒருவர் வந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. எந்தப் பக்கம் வைத்தால் பிந்துகிறது என்று தெரிந்தால், பகலில் முந்தும் மணிக்கூட்டை இரவில் அந்தப் பக்கம் வைத்தே சமப்படுத்தலாம். கழற்றவே தேவையில்லை.

மைக்கில் கேட்டு அளக்கும் போன் செயலிகளும் இருக்கின்றன. சத்தமில்லாத அறையில், மணிக்கூட்டை மைக்கோடு ஒட்டி வைத்தால் நாளுக்கு எத்தனை நொடி என்பதை ஓரளவு சரியாகவே காட்டும். அது காட்டும் ஆம்பிளிட்யூட், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் சக்கரம் எத்தனை பாகை வீசுகிறது என்ற எண், சரியாக வர வேண்டும் என்றால் அந்த மெசினுக்கு உரிய லிஃப்ட் கோணம் என்ற எண்ணைச் செயலிக்குக் கொடுக்க வேண்டும். என்ஹெச் 35 க்கு 53, ஈடிஏ 2824 வகைக்கு 50. முழுதாகச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்த நிலையில் 260 முதல் 300 வரை வீசினால் எனக்குச் சந்தோஷம். 200 க்குக் கீழே என்றால் மெசின் களைத்துப்போய் இருக்கிறது. பீட் எரர் என்று காட்டுவது, அதாவது டிக்குக்கும் டொக்குக்கும் இடையிலான நேர வித்தியாசம், 1 மில்லிநொடிக்கு உள்ளே இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

"நாளுக்குப் பத்து நிமிசம் முந்துது"

நொடிக் கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கில் திடீரென்று முந்தத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காந்தம். பாலன்ஸை ஆடவைக்கும் மயிர்போல் மெல்லிய சுருளான ஹெயார் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் நீளம் குறைந்ததுபோல் ஆகி, பாலன்ஸ் வேகமாக அடிக்கும்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கிழமை ஒரு தம்பி வந்தார். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். மூன்று மாதம் ஒழுங்காக ஓடிய மணிக்கூடு இப்போது நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்துகிறது, மெசின் செத்துப்போச்சோ என்று கேட்டார். நான் லாச்சியில் இருந்து பிளாஸ்டிக் திசைகாட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். ஊசி அடங்கும்வரை இருவரும் பேசாமல் இருந்தோம். மணிக்கூட்டைப் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோக, ஊசி சட்டென்று திரும்பி அதன் பக்கம் நின்றது. மணிக்கூட்டைச் சுற்றிப் பிடித்தேன், ஊசியும் கூடவே சுற்றியது. பெட்டி ஸ்பீக்கர்களைத் தூக்கி மார்போடு அணைத்து வான் வண்டியில் ஏற்றும்போது இடது மணிக்கட்டு எங்கே இருக்கும் என்று அவரையே செய்து காட்டச் சொன்னேன். ஸ்பீக்கர் காந்தத்தின் முதுகில்தான் இருந்தது.

காந்தம் இறக்க நீல நிறச் சுருள் கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கும், நேரே மின்சாரத்தில் செருகுவது. மணிக்கூட்டை அதன் மேல் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியபடியே மணிக்கூட்டைக் கை நீளத்துக்கு மெதுவாக விலக்குங்கள். விலக்கிய பிறகுதான் பொத்தானை விட வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் முன்பு இருந்ததைவிடக் கூடக் காந்தம் ஏறும். இரண்டு மூன்று தடவை செய்துவிட்டுத் திரும்பவும் திசைகாட்டியில் பாருங்கள். பின்மூடியோ உடம்போ லேசாக ஊசியை அசைக்கலாம், இரும்பு அல்லவா. ஆனால் ஊசி துரத்திக்கொண்டு வரக்கூடாது. அந்தத் தம்பியின் மணிக்கூடு மறுநாளே நாளுக்கு 9 நொடிக்கு வந்தது. மடக்கும் உறையில் காந்தம் வைத்த போன், மேசையில் கிடக்கும் புளூடூத் ஸ்பீக்கர் இரண்டுக்கும் பக்கத்தில் இரவில் மணிக்கூட்டை வைக்காதீர்கள்.

காந்தம் இல்லை, ஆனாலும் நிமிடக் கணக்கில் முந்துகிறது என்றால் திறக்க வேண்டும். கண்லென்ஸில் ஹெயார் ஸ்பிரிங்கைப் பாருங்கள். சுற்றுகளுக்கு இடையே எண்ணெய் பட்டு ஒட்டியிருக்கும், அல்லது விழுந்த அடியில் ஒரு சுற்று பக்கத்துச் சுற்றின் மேல் ஏறியிருக்கும். எண்ணெய் என்றால் கழுவினால் போகும். வளைந்திருந்தால் அதை நிமிர்த்துவது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. வீட்டில் சாவணத்தோடு இறங்க வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. முழுதாகச் சாவி கொடுத்த முதல் சில மணிநேரம் மட்டும் தாறுமாறாக முந்திவிட்டுப் பிறகு அடங்கினால், ஸ்பிரிங் பலம் கூடி பாலன்ஸ் அளவுக்கு மீறி வீசி, சுற்றி வந்து மறுபக்கம் முட்டுகிறது. காதில் வைத்தால் குதிரை ஓடுவதுபோல் அடி கேட்கும். சாவி கொடுப்பதைக் குறைத்து, கையில் கட்டியே ஓட விட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

"கொஞ்சம் கொஞ்சமாப் பிந்துது, நாளுக்கு நாள் கூடுது"

இதுதான் சீன மெசினைத் தரம் பார்க்கும் இடம். மெசினின் வரைபடம் குறை என்று நான் நினைக்கவில்லை. மியோட்டாவையும் ஈடிஏயையும் பார்த்துச் செய்தவற்றுக்கு அடித்தளம் உறுதியானது. ஈடிஏ 2824-2 வந்தது 1982 இல், அத்தனை வருடம் ஓடிக் காட்டிய அமைப்பு. குறை வருவது பூட்டும் மேசையில். ஒன்றில் எண்ணெய் அளவாக இருக்கும், அடுத்ததில் காய்ந்து கிடக்கும், மூன்றாவதில் வழிந்து கிடக்கும். அதனால் "இந்த மொடல் நல்லது" என்று ஒருவர் சொன்னதை நம்பி எடுத்தவருக்கு வேறு மாதிரி வாய்க்கிறது.

எண்ணெயைக் கண்ணால் பார்க்கலாம். பாலன்ஸின் மேல் இருக்கும் சின்னச் சிவப்புக் கல்லின்மேல் விளக்கைச் சாய்வாகப் பிடித்து லென்ஸில் பாருங்கள். கல்லுக்கு அடியில் வட்டமாக ஒரு வளையம் தெரியும். அதுதான் எண்ணெயின் விளிம்பு. கல்லின் அகலத்தில் பாதிக்கு மேல் அந்த வளையம் இருந்தால் நல்லது. வளையமே இல்லை என்றால் வறண்டு கிடக்கிறது. விளிம்பே தெரியாமல் முழுக்க ஈரமாக இருந்தால் வழிந்திருக்கிறது. புது மணிக்கூட்டிலேயே வளையம் இல்லாமல் நான் கண்டிருக்கிறேன். அப்படியானதைக் கட்டி ஓட விடாதீர்கள். வறண்ட கல்லில் ஓடினால் அச்சின் நுனி தேயும், பிறகு எண்ணெய் விட்டும் பயனில்லை.

இங்கே இன்னொரு எதிரி புழுதி. சூடு அடிக்கும் காலத்தில் நெல்லுச் சுணை எங்கேதான் போகாது! பின்மூடி சரியாக இறுகாத மணிக்கூட்டிலும், சாவியின் குழாய்க்குள் ரப்பர் வாசர் தேய்ந்த மணிக்கூட்டிலும் அது உள்ளே போய் எண்ணெயோடு சேர்ந்து களியாகும். வீச்சு குறையும், மணிக்கூடு பிந்தும்.

கை வைத்தியமாக எண்ணெய் விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தேங்காய் எண்ணெய், தையல் மெசின் எண்ணெய், சைக்கிள் செயினுக்கு அடிக்கும் எண்ணெய் எல்லாம் விட்டுக் கொண்டுவருகிறார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு பிசின் மாதிரி இறுகும். மணிக்கூட்டுக்குள்ளேயே இடத்துக்கு ஒரு எண்ணெய்: வேகமாகச் சுழலும் நுனிகளுக்கு மெல்லியது, சாவிப் பகுதிக்குக் கெட்டியான கிரீஸ், மெயின் ஸ்பிரிங் பெட்டியின் சுவருக்கு வேறொன்று. அழுக்கின் மேல் எண்ணெய் விடுவதும் கூடாது. கழற்றி, கழுவி, காயவைத்து, பிறகு விட வேண்டும்.

இந்த இடத்தில் பணக் கணக்கு வரும். கழுவிப் பூட்டும் கூலி ஒரு புது மெசினின் விலையைத் தாண்டிவிடும். அப்படி என்றால் மெசினை மாற்றுங்கள் என்றே நான் சொல்வேன். பழையதை எறிய வேண்டாம், அதன் சக்கரங்கள் ஒருநாள் உதவும். ஆனால் மாற்றுவது அதே வகையாக இருக்கட்டும். "சீக்கோ மெசினைப் போட்டு விடுங்கோ" என்று கேட்கிறார்கள். என்ஹெச் 35 இன் அகலம் 27.4 மில்லிமீற்றர், உயரம் 5.32. ஈடிஏ 2824 வகைக்கு 25.6 உம் 4.6 உம். நொடி முள்ளின் துளையும் வேறு: ஒன்றுக்கு 0.20, மற்றதற்கு 0.25. உடம்புக்குள் மெசின் அடங்காது, முள் பொருந்தாது. உடம்பு, டயல், முள் எல்லாவற்றையும் மாற்றுவதற்கு வேறு மணிக்கூடே வாங்கிவிடலாம்.

"இரவு கழட்டி வச்சா விடிய நிக்குது"

இதற்கு இரண்டு சோதனை. முதலாவது: முழுதாகச் சாவி கொடுத்து, கட்டாமல் மேசையில் வையுங்கள். இந்த வகை மெசின்கள் 40 மணிநேரம் அளவில் ஓட வேண்டும். 36 ஐத் தாண்டினாலே ஸ்பிரிங் நலம். இரண்டாவது: முழுதாக நின்ற மணிக்கூட்டை எடுத்து, சாவி கொடுக்காமல் லேசாக ஆட்டி ஓடவைத்து, ஒரு முழுப் பகல் கட்டுங்கள். இரவு கழற்றி வைத்து எத்தனை மணிநேரம் ஓடுகிறது என்று பாருங்கள்.

முதலாவதில் தேறி இரண்டாவதில் தோற்றால் ஸ்பிரிங்கில் குற்றம் இல்லை. ஏற்றும் பகுதி பிழை, அல்லது கட்டுபவரின் கை போதிய அளவு அசையவில்லை. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா ஒருவர் ஒரே மணிக்கூட்டை மூன்று தடவை கொண்டுவந்தார். மகன் ஆசையாக அனுப்பியது. நான் கட்டினால் ஓடுகிறது, அவர் கட்டினால் நிற்கிறது. மூன்றாம் தடவை அவரோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டே விசாரித்தேன். காலையில் பத்திரிகை, பிறகு சாய்மனைக் கதிரை, பின்னேரம் கோயில். அவ்வளவுதான் அவருடைய நாள். ரோட்டர் சுழல அந்தக் கையில் வேலை இல்லை. காலையில் சாமி கும்பிட்டு முடித்ததும் சாவியை இருபது சுற்று சுற்றுங்கோ ஐயா என்றேன். அதற்குப் பிறகு அந்த மணிக்கூடு நிற்கவில்லை.

2824 கூட்டத்தில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. பின்பக்கம் கண்ணாடி என்றால் பார்த்துக்கொண்டே சாவி கொடுங்கள். சாவியைச் சுற்றும்போது ரோட்டரும் கூடச் சுழன்றால், ரோட்டரின் சுழற்சியை ஸ்பிரிங்குக்குக் கடத்தும் ரிவேர்சர் சக்கரங்கள் வறண்டு பிடித்திருக்கின்றன. உடனே சாவி கொடுப்பதை நிறுத்துங்கள். தொடர்ந்து சுற்றினால் பற்கள் போகும். அந்தச் சக்கரங்களை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரிவரும்.

முதல் சோதனையிலேயே 20, 25 மணிநேரத்தில் நின்றால் மெயின் ஸ்பிரிங் பெட்டிக்குள் வழுக்குகிறது, அல்லது மேலே சொன்ன மாதிரி வீச்சுக் குறைந்து போயிருக்கிறது.

"உள்ளுக்க ஏதோ கிலுகிலுக்குது"

வன்னிக்கே உரிய பழுது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். லாண்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சக்கர உழவு மெசின், பிடிக்கும் கைகளுக்கு இது வரும். முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்யும் அண்ணை ஒருவரின் மணிக்கூட்டைத் திறந்தபோது பின்மூடியின் உட்பக்கம் முழுக்க அரைவட்டம் அரைவட்டமாகக் கீறல். ஒரே அளவு ஆரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, கொம்பஸ் வைத்துக் கீறினது போல. ரோட்டரின் நடு ஸ்குரூ தளர்ந்து, ரோட்டர் சரிந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூடியை உரசியிருக்கிறது. உரசிய உலோகத் தூள் சாம்பல் நிறத்தில் சக்கரங்களுக்கு மேல் படிந்து கிடந்தது. ஸ்குரூ இறுக்க ஒரு நிமிடம்தான் போயிற்று. அந்தத் தூளைக் கழுவி எடுக்க மெசின் முழுவதையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே சத்தம் மாறினால் அன்றே கழற்றி வையுங்கள். ரோட்டர் சுழலும் சத்தம் சர்ரென்று ஒரே சீராக இருக்கும். கிலுக்கென்று உலோகத்தில் உலோகம் தட்டும் சத்தம் வேறு. மணிக்கூட்டைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காதோடு பிடித்தால் ரோட்டர் டொக்கென்று விழுவது கேட்கும். ஸ்குரூ முழுதாகக் கழன்று உள்ளே திரிந்தால் ஓடும் சக்கரத்துக்குள் போய் மாட்டும், அப்புறம் செலவு கூடிவிடும். லாண்ட்மாஸ்டர் பிடிக்கும்போதும், கிறவல் ரோட்டில் தூரம் மோட்டார் சைக்கிள் ஓடும்போதும் பற்றரி மணிக்கூட்டைக் கட்டுங்கள். ஓட்டோமாட்டிக்கைக் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் கட்டுங்கள்.

"நொடி முள் தத்தித் தத்திப் போகுது"

2813, மியோட்டா 8215 வகைகளில் நடு நொடி முள் நேராக ஓடும் வரிசையில் இல்லை. பக்கத்துச் சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது, சின்னத் தகட்டு ஸ்பிரிங் ஒன்று லேசாகப் பிடித்து வைக்கிறது. கையை அசைக்கும்போது முள் ஒரு கணம் நின்று தாவும். நேரம் சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

"நேரம் ஓடுது, ஆனா முள் பின்னுக்கு நிக்குது"

டிக் டிக் நிற்கவே இல்லை, நொடி முள்ளும் ஓடுகிறது. ஆனால் மத்தியானம் பார்த்தால் அரை மணிநேரம் பிந்தி நிற்கிறது. சாவியை இழுத்து முள்ளை நகர்த்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுவழுவென்று போனால், நிமிட முள் ஏறி நிற்கும் சின்னக் குழாய் தளர்ந்திருக்கிறது. அதை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் அளவுக்கு நெருக்குவது பழகிய கைக்குச் சின்ன வேலை. நெருக்கம் கூடினால் நேரம் வைக்கும்போது மற்றச் சக்கரம் உடையும் என்பதால் இதையும் கடைக்குக் கொடுங்கள். அதற்கு முன் முள்கள் ஒன்றை ஒன்று தொடுகின்றனவா என்று கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நாள்தோறும் ஒரே இடத்தில் நின்றால் காரணம் அதுதான்.

"திகதி மத்தியானத்தில மாறுது", "திகதி பாதியில நிக்குது"

மத்தியானம் மாறினால் முள்ளை 12 மணிநேரம் முன்னே சுற்றுங்கள், முடிந்தது. பாதியில் நின்றால் பெரும்பாலும் செய்யக்கூடாத நேரத்தில் திகதியைத் திருப்பியிருப்பீர்கள். இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை திகதிப் பற்கள் கொளுவி இருக்கும். அந்த நேரத்தில் சாவியின் நடு நிலையில் திகதியைத் திருப்பினால் பல் உடையும். முதலில் முள்ளை 6 மணிக்குக் கொண்டுவாருங்கள், பிறகு திகதியை மாற்றுங்கள்.

"சாவி கழண்டு கையோட வந்துட்டுது"

பயப்பட வேண்டாம். மணிக்கூட்டைக் கவிழ்க்காமல், ஆட்டாமல், சாவியைத் தொலைக்காமல் கொண்டுவாருங்கள். நீங்களே போடப்போவதாக இருந்தால் சாவித் தண்டை விடுவிக்கும் அந்தச் சின்னப் புள்ளியைத் தொட்டதும் தொடாததுமாக அழுத்துங்கள். 2824 கூட்டத்தில் அதைப் பலமாக அழுத்தினால் சாவிப் பகுதியின் சின்ன நெம்புத் தகடு தன் பள்ளத்தை விட்டு விலகிவிடும். பிறகு டயலைக் கழற்றித்தான் திரும்பக் கொளுவ வேண்டும். ஒரு நிமிட வேலை ஒரு மணிநேரமாகும்.

"கண்ணாடிக்குள்ள புகார் மாதிரி"

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த நீராவிப் படலம் வரும். குளத்தில் முழுகியவர்களுக்கும் கிணற்றடியில் கட்டியபடியே குளித்தவர்களுக்கும் வரும். புகார் தெரிந்த அன்றே பின்மூடியைத் திறக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள், அரிசித் தூள்தான் உள்ளே போகும். வெயிலில் வைத்தால் நீராவி மெசினுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். திறந்தவுடன் நான் முதலில் பார்ப்பது சாவித் தண்டை. துரு முதலில் பிடிப்பது அங்கேதான். லேசான செம்மண் நிறம் தண்டில் மட்டும் என்றால் பிழைத்தது. தண்டை மாற்றி, ரப்பர் வாசர்களைப் புதிதாகப் போட்டு, மெசினைக் காயவைத்துப் பூட்டலாம். பாலன்ஸுக்கு அருகில் ஸ்குரூ தலைகளிலும் அந்த நிறம் ஏறியிருந்தால் மெசினை மாற்றுவதே நல்லது. மாற்றும்போது பழைய தண்டின் நீளத்தை அளந்து வைத்துக்கொண்டு பிறகு எறியுங்கள். புது மெசினோடு வரும் தண்டு நீளமாகவே வரும். அந்த அளவுக்குத்தான் அதை வெட்ட வேண்டும்.